காவல்துறையை மாற்றியமைக்க நான்கு வழிகள்: எது எங்கே பலிக்கும்?

ஒரு காவல்துறையை மாற்றியமைத்தே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்ட அரசின் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள்தான் இருக்கின்றன. இருக்கிற படையைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஆள் எடுப்பது ஒன்று. சிதறிக் கிடக்கும் பல படைகளை ஒன்றாக இணைப்பது இன்னொன்று. படையை வைத்துக்கொண்டே, சட்டத்தின் பலத்தோடு வெளியாரை மேற்பார்வைக்கு அமர்த்தி வேலை வாங்குவது மூன்றாவது. தலைமையே முன்னின்று உள்ளுக்குள் மெல்ல மாற்றுவது நான்காவது. ஜார்ஜியா முதல் வழியில் போனது. ஸ்காட்லாந்து, நெதர்லாந்து, சுவீடன் இரண்டாவதில். வட அயர்லாந்து மூன்றாவதில், நியூசிலாந்து நான்காவதில்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் எது பழுதாகியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். கீழிருந்து மேல்வரை ஓடும் லஞ்சம், மக்களில் ஒரு பிரிவினர் படையைத் தங்களுடையதாக நினைக்காத நிலை, பெரிய குற்றங்களைக் கையாளத் திறன் போதாமை, பணப் பற்றாக்குறை ஆகிய நான்கும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. உலகம் முழுவதும் திரும்பத் திரும்ப நடக்கும் பெரிய தவறு, நம்பிக்கை கெட்டுப்போன இடத்தில் நிர்வாக வரைபடத்தை மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்வது.

கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

ஜார்ஜியாவில் 2003 இறுதியில் ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டே மிகைல் சாகாஷ்விலி அரசு போக்குவரத்துக் காவல் பிரிவை மொத்தமாகக் கலைத்தது. சுமார் 16,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக அளவில் சிறிய ரோந்துப் படை ஒன்று வந்தது. புதிய சீருடை, புதிய வாகனங்கள், பழையதைப் போலப் பலமடங்கு சம்பளம். சாலையோரத்தில் கைநீட்டும் வழக்கம் வியக்கத்தக்க வேகத்தில் ஒழிந்தது.

அது ஏன் பலித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே லஞ்சப் பணம் மேலதிகாரிக்குப் பங்காகப் போய்க்கொண்டிருந்தது. நூறு பேரை மட்டும் நீக்கினால் புதிதாக வரும் நூறு பேரும் அதே சங்கிலியில்தான் சேர்வார்கள். அதனால் சங்கிலியை முழுவதுமாக அறுக்க வேண்டியிருந்தது. மேலும், போக்குவரத்துப் பிரிவு தனியாகப் பிரித்தெடுக்கக்கூடிய வேலை. சில வாரங்கள் சாலையில் காவலர் இல்லாவிட்டாலும் கொலை வழக்கு விசாரணை எதுவும் நின்றுபோகாது. புலனாய்வுப் பிரிவை இப்படி ஒரே நாளில் கலைத்திருந்தால் நிலுவை வழக்குகள், தகவல் தருபவர்கள், சாட்சிகளுடனான தொடர்பு எல்லாம் அன்றே போயிருக்கும்.

அந்தச் சீர்திருத்தம் தொடாமல் விட்ட இடமும் உண்டு. புதிய படை முழுவதும் உள்துறை அமைச்சகத்தின் பிடியிலேயே இருந்தது. அதைக் கேள்வி கேட்கச் சுதந்திரமான அமைப்பு எதுவும் இல்லை. 2007 நவம்பரில் எதிர்க்கட்சிப் போராட்டம் பலவந்தமாகக் கலைக்கப்பட்டது. 2012-ல் சிறைக் கொடுமைக் காணொளிகள் வெளியாகி அரசையே ஆட்டிவைத்தன. சாலையில் லஞ்சம் வாங்காத காவலர் கிடைத்தார். அதிகாரத்துக்கு ஏவல் செய்யாத காவல்துறை கிடைக்கவில்லை.

உக்ரைன் அதே பாதையில் பாதி தூரம் நடந்தது. 2015 ஜூலை 4 அன்று கீவ் நகரில் புதிய ரோந்துப் படை பதவியேற்றது. மக்கள் அவர்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மற்ற பிரிவுகளில் இருந்தவர்களைக் கலைக்காமல், ஒவ்வொருவரையும் நேர்காணல் செய்து மறுதகுதி பார்க்கும் குழுக்களை அமைத்தார்கள். நீக்கப்பட்டவர்கள் சிறு பங்கினர்தான். அவர்களிலும் பலர் நீதிமன்றம் போய்ப் பதவியைத் திரும்பப் பெற்றார்கள். ஒருவரை நீக்கினால் அதற்கான காரணம் எழுத்தில், சான்றோடு, அந்த நாட்டுப் பணிச்சட்டம் ஏற்கும் வடிவில் இருக்க வேண்டும். நேர்காணலில் குழுவுக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் வழக்கில் நிற்காது. மறுதகுதித் தேர்வு என்று யோசிப்பவர்கள், தேர்வை வடிவமைக்கும் முன்பே தொழிலாளர் சட்ட வழக்கறிஞரை அழைத்து உட்கார வைக்க வேண்டும்.

அமெரிக்காவின் கேம்டன் நகரத்தை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். நியூஜெர்சி மாநிலத்தின் அந்தச் சிறு நகரம் 2013-ல் தன் காவல்துறையைக் கலைத்து, மாவட்டக் காவல்துறை ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைத்தது. நோக்கத்தில் பெரும்பங்கு பணம்: பழைய தொழிற்சங்க ஒப்பந்தம் செல்லாததாயிற்று, ஒரு காவலருக்கு ஆகும் செலவு குறைந்தது, அதே பணத்தில் கூடுதல் பேரை எடுக்க முடிந்தது. ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் அற்பக் குற்றங்களுக்கு அபராதச் சீட்டுகள் குவிந்தன; பலப்பிரயோகப் புகார்களும் ஓயவில்லை. பிறகு பயிற்சியும் விதிகளும் மாறின. பலப்பிரயோகம் பற்றிய விரிவான விதித்தொகுப்பு 2019-ல்தான் வந்தது. படையைக் கலைத்ததற்கும் நடத்தை மாறியதற்கும் இடையில் ஆறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கலைப்பை மட்டும் நகலெடுப்பது ஆபத்து.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 12,000 பேர் கொண்ட படைக்குப் பயிற்சிப் பள்ளி ஆண்டுக்கு 600 பேரை உருவாக்கித் தருகிறது என்றால், முழுப் படையையும் மாற்ற 20 ஆண்டுகள் ஆகும். அவசரத்துக்குப் பயிற்சியைக் குறைத்தால் துப்பாக்கியோடு தெருவுக்கு வருபவர் சில வாரப் பயிற்சிக்காரர். ஆகவே கலைப்பு என்பது ஒரு பிரிவுக்கு, அரசியல் ஆதரவு கொழுந்துவிட்டு எரியும் ஓரிரு ஆண்டுகளுக்குள், மாற்றுச் சம்பளத்துக்கான பணம் கையில் இருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டிய முடிவு.

பல படைகளை ஒன்றாக்குவது

வட ஐரோப்பா கடந்த 20 ஆண்டுகளில் இந்த வழியைத்தான் விரும்பியிருக்கிறது. டென்மார்க் 2007-ல் 54 காவல் மாவட்டங்களை 12 ஆக்கியது. நெதர்லாந்து 2013 ஜனவரி 1 முதல் 25 வட்டாரப் படைகளையும் தேசிய முகமையையும் ஒரே படையாக்கியது. ஸ்காட்லாந்து அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று எட்டுப் படைகளை ஒன்றாக்கியது. சுவீடன் 2015-ல் 21 மாவட்டப் படைகளை இணைத்தது. நார்வே 2016-ல் 27 மாவட்டங்களை 12 ஆகக் குறைத்தது.

இணைப்பில் உண்மையான லாபம் உண்டு. சிறிய படைகளுக்கு எட்டாத சிறப்புத் திறன்கள் எல்லா ஊருக்கும் கிடைக்கின்றன. ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவில் ஒரு கொலை நடந்தாலும் அனுபவமுள்ள பெரிய விசாரணைக் குழு போய் இறங்குகிறது. குற்றவாளி எல்லை தாண்டியதும் கோப்பு தேங்கி நிற்கும் நிலை குறைகிறது. ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சேவை சரிவது ஏறத்தாழ எல்லா இணைப்பிலும் நடந்திருக்கிறது. டென்மார்க்கில் அழைப்புகளுக்குப் பதில் கிடைக்கத் தாமதமாகி மக்களின் மனநிறைவு குறைந்தது. சுவீடனில் துப்புத்துலக்கிய வழக்குகளின் எண்ணிக்கை இறங்கியது. அந்தச் சரிவுக்கு இடம்விட்டே திட்டம் போட வேண்டும். அரசுகள் அதை முன்கூட்டி மக்களிடம் சொல்வதே இல்லை.

இணைப்பை நினைக்கும் எந்த அரசும் முதலில் ஸ்காட்லாந்தைத்தான் படிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே சறுக்கிய ஒவ்வொரு இடமும் ஆவணமாகி இருக்கிறது. சட்டம் 2012 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. படை அடுத்த ஏப்ரலில் தொடங்கியது. எட்டு மாத அவகாசம்தான். 2026-க்குள் 110 கோடி பவுண்டு சேமிக்க வேண்டும் என்பது இலக்கு. அதே சமயம் சீருடைக் காவலர் எண்ணிக்கை 17,234-க்குக் கீழே போகக் கூடாது என்று அரசியல் வாக்குறுதியும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற ஒரே வழி, சீருடை அணியாத பணியாளர்களைக் குறைப்பது. அப்படிக் குறைத்ததும் அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளில் காவலர்களே உட்கார வேண்டியதாயிற்று.

அதன் விலை 2015 ஜூலையில் தெரிந்தது. எம்9 நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு கார் சரிவில் கிடப்பதைப் பார்த்தவர் அழைத்துச் சொன்னார். அழைப்பை எடுத்த காவலர் விவரத்தை வாங்கிக்கொண்டாலும் அது கணினியில் ஏறவில்லை. ரோந்து வண்டி போகவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் காரைக் கண்டார்கள். இருவர் உயிரிழந்தார்கள். உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைகளை மூடி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. புதிய அறையில் ஆள் போதவில்லை, உதவிக்கு வந்தவர்களுக்கு அந்த அமைப்பில் பழக்கம் போதவில்லை.

கட்டுப்பாட்டு அறையை மாற்றும்போது பின்பற்ற வேண்டிய முறை கடினமானதல்ல. 24 மணி நேரமும் ஒருவர் இருக்க வேண்டிய ஒரு நாற்காலிக்கு வாரத்துக்கு 168 மணி நேரம் தேவை. ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால் 4.2 பேர், விடுப்பு, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்துக்கும் மேல். புதிய அறையின் ஒவ்வொரு நாற்காலிக்கும் இந்தக் கணக்கில் பயிற்சி பெற்ற ஆள் நிரம்பும் வரை பழைய அறையை மூடக் கூடாது. சில வாரங்களாவது இரண்டும் சேர்ந்து இயங்க வேண்டும். வந்த அழைப்புகளுக்கும் பதிவான சம்பவங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத் தினமும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். காகிதத்தில் குறித்துவைத்துப் பிறகு ஏற்றிக்கொள்ளும் வழக்கத்துக்கு அங்கே இடமே இருக்கக் கூடாது.

கணினித் திட்டத்திலும் அடி. குற்றப் பதிவு, காணாமற்போனோர், காவலில் வைக்கப்பட்டோர் விவரம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கொண்டுவர ஐ6 என்ற திட்டத்துக்கு 2013-ல் 4.6 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்பெயினின் கார்டியா சிவில் படைக்காகச் செய்த மென்பொருளை அடிப்படையாக வைத்துச் செய்துவிடலாம் என்பது எண்ணம். கையெழுத்தான சில வாரங்களிலேயே, எது ஒப்பந்தத்தில் அடங்கும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு. 2016 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. கொடுத்த பணம் திரும்ப வந்தது. இழந்த மூன்று ஆண்டுகள் வரவில்லை. எட்டுப் படைகளும் எட்டு விதமாக வழக்குப் பதிந்துகொண்டிருக்கும்போது எந்த நடைமுறையைக் கணினியில் ஏற்றுவது என்று எவராலும் சொல்ல முடியாது. முதலில் காகிதத்தில் ஒரே நடைமுறை, பிறகுதான் மென்பொருள்.

இன்னொரு சிறிய, ஆனால் கசப்பான செய்தி வரி. உள்ளாட்சி சார்ந்த படைகள் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற்றுவந்தன. தேசியப் படை ஆனதும் அந்தத் தகுதி போயிற்று. சேமிப்புக்காகச் செய்த இணைப்பில் ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கும் அதிகமான பவுண்டு வரியாகப் போனது. 2018-ல்தான் அது சரிசெய்யப்பட்டது.

பெரிய படையின் பழக்கம் சிறியவற்றை விழுங்குவதும் இணைப்பின் இயல்பு. ஸ்காட்லாந்துக் காவலர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கிளாஸ்கோவைச் சுற்றியுள்ள ஸ்ட்ராத்கிளைட் படையிலிருந்து வந்தவர்கள். முதல் தலைவரும் அங்கிருந்தே வந்தார். அந்த நகரத்துக்கு ஏற்ற உடல்சோதனை முறை நாடு முழுதும் பரவியது. அமைதியான வடக்கு மலைப்பகுதி ஊர்களில் இடுப்பில் துப்பாக்கியோடு காவலர்கள் வழக்கமான பணிக்கு வந்ததைப் பார்த்து மக்கள் கொதித்தார்கள். 2014 அக்டோபரில் விதி திருத்தப்பட்டது. இணைப்புச் சட்டம் எழுதும்போதே, எந்தெந்த முடிவுகள் வட்டாரத்தில் எடுக்கப்பட வேண்டும் என்று பட்டியலிட்டு விதியாக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

நெதர்லாந்தில் சிக்கல் வேறு இடத்தில். 25 படைகளிலும் இருந்த ஆயிரக்கணக்கான பணிப்பெயர்களை 92 ஆகச் சுருக்கினார்கள். தன் பணி எந்தப் பெயரில் அடங்குகிறது, அதற்கு என்ன ஊதியம் என்பதில் ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் எழுப்பினார்கள். தன் இடம் எது என்று தெரியாமல் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பெல்ஜியம் 2001-ல் மூன்று வகைக் காவல் படைகளை ஒன்றாக்கியபோதும் ஒரே பணிவிதி எழுதுவதில்தான் செலவும் வழக்கும் பெருகின. ஒரே சீருடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு இரண்டு சம்பளம் தர முடியாது. கடைசியில் எல்லோருக்கும் உயர்ந்த விகிதம்தான் அமையும். இணைப்பால் பணம் மிச்சமாகும் என்ற கணக்கில் இந்தச் செலவை முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

வெளியாரின் மேற்பார்வையில் மாற்றுவது

வட அயர்லாந்தில் கேள்வியே வேறு. ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்ற பழைய காவல் படையில் கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதம்தான். மக்கள்தொகையிலோ நாற்பதுக்கும் மேல். அந்தப் படையைத் தங்களுக்கு எதிரானதாகவே ஒரு சமூகம் கண்டது. காவல் சீர்திருத்தத்துக்காக அமைக்கப்பட்ட பேட்டன் ஆணையம் 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகளைத் தந்தது. 2001 நவம்பர் 4 முதல் பெயர் மாறியது; பின்னர் சின்னமும் மாறியது. படையைக் கலைக்கவில்லை. வயதான அதிகாரிகளுக்குத் தாராளமான தன்விருப்ப ஓய்வுத்தொகை கொடுத்து இடம் காலியாக்கினார்கள். அந்த இடங்களுக்கு வெளி நிறுவனம் ஒன்று தேர்வு நடத்தி, தகுதி பெற்றவர்களை ஒரு பட்டியலில் சேர்த்தது. பட்டியலிலிருந்து கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என எடுத்தார்கள். பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் இதற்கெனத் தனி விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2011-ல் அந்த முறை முடிந்தபோது கத்தோலிக்கர் பங்கு ஏறத்தாழ 30 சதவீதம். முறையை நிறுத்திய பிறகு அந்தப் பங்கு பெரிதாக ஏறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வழியின் உயிர்நாடி மேற்பார்வை ஆணையர் பதவி. 175 பரிந்துரைகளையும் 772 அளவுகோல்களாக உடைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன ஆவணம், யார் சாட்சி, எந்த நிலையில் முடிந்ததாகக் கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். 2000 முதல் 2007 வரை 19 அறிக்கைகள் வெளியாயின. முதல் ஆணையர் அமெரிக்காவிலிருந்து வந்தவர். உள்ளூர் அரசியலில் எவருக்கும் கடன்பட்டவர் அல்ல. அதோடு, காவலர்மீதான புகாரைக் காவலரே விசாரிக்காமல் இருக்கத் தனி அதிகாரியும், கட்சிகளும் பொதுமக்களும் உட்காரும் காவல் வாரியமும் வந்தன. கத்தோலிக்கரிடையே செல்வாக்குள்ள சின் ஃபேன் கட்சி 2007 ஜனவரியில் புதிய காவல்துறையை ஏற்றது. அங்கே வந்துசேர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவசரக்காரர்களுக்கான வழி அல்ல இது.

நீதிமன்றத்தின் மூலம் மேற்பார்வை என்பது இதன் கிளை. அமெரிக்காவில் 1994 சட்டத்தின்படி மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஒரு நகரக் காவல்துறைமீது வழக்குத் தொடுத்து, நீதிபதியின் கண்காணிப்பில் உடன்படிக்கை போடலாம். லாஸ் ஏஞ்சலஸ் 2001-ல் உள்ளே போய், 2009-ல் முக்கியக் கட்டத்தைத் தாண்டி, 2013-ல் முழுவதும் வெளியே வந்தது. ஓக்லாந்து, பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கின் மூலம், 2003-ல் இதேபோன்ற உடன்படிக்கைக்குள் நுழைந்தது. 20 ஆண்டுகளைத் தாண்டி இழுத்தது. தலைமை அடிக்கடி மாறியதால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த ஏழு கட்டளைகளின் உள்ளடக்கம் உலகத்தரமானது. தலைமை இயக்குநருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, புகார் ஆணையம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் தளத்திலேயே அமர்ந்து மாதந்தோறும் எண்ணிப் பார்க்கும் ஆள் இல்லை. 2008-ல் அமைக்கப்பட்ட நீதிபதி கே.டி. தாமஸ் குழு, மாநிலங்களின் அலட்சியத்தைக் கண்டு வருந்தி அறிக்கை தந்தது. பல மாநிலங்கள் சட்டம் இயற்றி, கட்டளையின் கூர்மையை அதிலேயே மழுங்கடித்தன. கட்டளையின் தரத்தைவிட, அது நிறைவேறியதா என்று எண்ணுபவர் யார், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்பதே விளைவைத் தீர்மானித்திருக்கிறது.

உள்ளிருந்தே மாற்றுவது

நியூசிலாந்து 2007-ல் காவலர் நடத்தை பற்றிய விசாரணை ஆணையத்தின் கடுமையான அறிக்கையைச் சந்தித்தது. படையைக் கலைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பத்து ஆண்டுகள் முன்னேற்றத்தைத் தணிக்கை செய்யும் ஏற்பாடு வந்தது. 2011-ல் குற்றத் தடுப்பை முதன்மையாக்கும் கொள்கையைத் தலைமை அறிவித்தது. காவலர் கையில் கைப்பேசியும் டேப்லெட்டும் கொடுத்து, நிலையத்துக்கு வந்து தட்டச்சு செய்யும் நேரத்தைத் தெருவுக்குத் திருப்பியது. சேதாரம் மிகக் குறைவான வழி இது. ஆனால் அடிப்படையில் நேர்மையான படைக்கு மட்டுமே பொருந்தும். மேலிடமே கெட்டிருக்கும் படையில், உள்ளிருந்து மாற்றம் என்பது சுற்றறிக்கையோடு நின்றுவிடும்.

எந்த வழியானாலும் இடறும் இடங்கள்

பணிமுறைப் பட்டியல் முதலாவது. அயர்லாந்தில் 2023-ல் காவலர்கள் ஆணையர்மீது 98.7 சதவீதம் பேர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தார்கள். சண்டை பெரும்பாலும் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஓய்வு என்பதைப் பற்றியது. பெருந்தொற்றுக் காலத்தில் நான்கு நாள் 12 மணி நேர வேலை, நான்கு நாள் ஓய்வு என்று பழகியவர்களை, ஆறு நாள் பத்து மணி நேர வேலை, நான்கு நாள் ஓய்வு என்ற பழைய முறைக்குத் திருப்பச் சொன்னார்கள். காவலரின் குடும்பம் முழுவதும் அந்தப் பட்டியலைச் சுற்றித்தான் இயங்குகிறது. அதைத் தொடும் முன் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி முடிக்காத தலைமை, மற்ற எல்லா மாற்றத்துக்கும் சேர்த்து எதிர்ப்பைச் சம்பாதிக்கிறது.

பயிற்சிக்கான ஆள்கணக்கு அடுத்தது. 10,000 பேருக்குத் தலா ஐந்து நாள் பயிற்சி என்றால் 50,000 ஆள்நாள். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று வைத்தால், 250 பேர் ஓராண்டு முழுக்கத் தெருவில் இல்லாததற்குச் சமம். அந்த இடத்தை யார் நிரப்புவது என்று எழுதாத திட்டத்தில் பயிற்சி இரண்டு மணி நேரக் காணொளியாகச் சுருங்கிவிடும்.

பதவிப் பெயர்களை மாற்றுவதில் காட்டும் ஆர்வத்தைக் குறைத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்கா 1995-ல் பதினொரு படைகளை ஒன்றாக்கி இராணுவப் பதவிப் பெயர்களை நீக்கியது. 2010-ல் அவற்றையே திரும்பக் கொண்டுவந்தது.

இனி முடிவு. லஞ்சம் ஒரு பிரிவில் சங்கிலியாகப் படிந்திருந்தால் அந்தப் பிரிவை மட்டும் கலைக்கலாம். ஆனால் புகார்களை விசாரிக்கும் சுதந்திர அமைப்பைக் கலைப்புக்கு முன்பே சட்டமாக்கிவிட வேண்டும். பிறகு செய்யலாம் என்று விட்டால் அதற்கு ஆட்சியாளருக்கு ஆர்வம் இருக்காது. திறனும் எல்லை தாண்டிய குற்றமும்தான் பிரச்சினை என்றால் இணைப்பு சரி. ஊதிய விகிதம், பணிவிதி, வட்டார அதிகாரப் பட்டியல், கட்டுப்பாட்டு அறை, கடைசியாக மென்பொருள் என்ற வரிசையில், குறைந்தது மூன்று ஆண்டுத் தயாரிப்போடு. சேமிப்பு இலக்கை முதல் ஆண்டுகளில் வைக்கவே கூடாது. ஒரு சமூகம் படையை ஏற்காத நிலை என்றால் வட அயர்லாந்து வழியைத் தவிர வேறொன்றும் நிலைத்த பலன் தந்ததாகச் சொல்ல முடியாது.

அரசியல் ஆதரவு 18 மாதத்துக்கு மேல் நீடிக்காது என்று தெரிந்தால், பெரிய மறுசீரமைப்பைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அந்தக் காலத்துக்குள் செய்து முடிக்கக்கூடியவை உண்டு: வெளி மேற்பார்வைப் பதவியைச் சட்டத்தில் உருவாக்கி, அதற்குத் தனி நிதித் தலைப்பு ஒதுக்குவது, தலைமைக்கு உறுதியான பதவிக்காலம், காவலர்மீதான புகார்கள், பலப்பிரயோகம், வாகன விபத்து ஆகிய மூன்றையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவருவது. கூடவே, மாற்றம் தொடங்கும் முன்பே அழைப்புக்குப் பதில் தர ஆகும் நேரம், வழக்கு முடியும் நாட்கள், புகார் எண்ணிக்கை, மக்கள் நம்பிக்கைக் கணிப்பு ஆகியவற்றை 12 மாதத்துக்கு அளந்து வெளியிட்டுவிட வேண்டும். பல நாடுகளில் மாற்றம் தொடங்கிய பிறகே அளக்க ஆரம்பித்தார்கள். அதனால் நிலைமை மேம்பட்டதா கெட்டதா என்ற வாதம் இன்றும் தீராமல் கிடக்கிறது.